நாத்தனாரைப் பிடிக்கவில்லை, அது பாவமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். கணவர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். 13 வயதில் ஒரு மகள். மூன்று அறை ஃபிளாட் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் ஈப்போவில் இருந்த கணவரின் அக்கா, தன் கணவரை இழந்தார். அந்த அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. தாயில்லாத தம்பியை அம்மா மாதிரி வளர்த்தவர் என்பதால், இவர்களோடு வந்து தங்கிவிட்டார். அவருக்கு இப்போது 58 வயது.

“அஞ்சு மணிக்கே நெத்திலி பொரிக்க ஆரம்பிச்சிடுறாங்க. என் யூனிஃபோர்ம் முழுக்க அந்த வாசனைதான். பஸ்ஸில பக்கத்தில உட்கார்ற மலாய்க்காரப் பொண்ணு, இன்னிக்கு நாசி லெமாக்கான்னு கேட்குது” என்று எழுதியிருக்கிறார். மிலோ டின் வைத்த இடத்தில் இருப்பதில்லை. ஈப்போ தோழிகளோடு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச்சு. அடுப்படியில் துணி, பாத்திரம், கரண்டி எல்லாம் இடம் மாறிவிட்டன. ஆறு பக்கம் இதுதான். இடையில் ஒரு வரி: “ஈப்போக்காரங்களே இப்படித்தான்.”

அப்புறம் இப்படி எழுதுகிறார்: “நான் அவங்களை வெறுக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில பால்குடம் எடுத்தேன். படி ஏறும்போதுகூட அவங்க மேல இருந்த எரிச்சல் இறங்கல. புருஷனை இழந்து வந்தவங்களை இப்படி வெறுக்கிறேனே, நான் மனுஷியா?” கணவர், “என் அக்காவைப் பிடிக்கலைன்னா என்னைப் பிடிக்கலைன்னுதான் அர்த்தம்” என்கிறார். மகள் அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். போன மாதம் அத்தை ரசம் ஊற்ற வந்தபோது, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளாம்.

ஏழாவது பக்கத்தில், “அண்ணன் விஷயம் வேற, அதை விட்டுடுங்க” என்று தொடங்கிச் சில வரிகள். நான்கு வருடத்துக்கு முன் நிபோங் திபாலில் அப்பா காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன், இவர், இரண்டே பிள்ளைகள். சேமநிதிப் பணம் அண்ணனுக்குப் போனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மலாய் மொழியில் இருந்த ஒரு பாரத்தில் (படிவத்தில்) இவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “கட்டிக் கொடுத்த பிள்ளைக்கு ஏது பங்கு?” என்று அண்ணன் சொன்னாராம். அன்றிலிருந்து பேச்சில்லை. அண்ணனின் பெயர் காதில் விழுந்தாலே கை நடுங்குகிறது, தூக்கம் போய்விடுகிறது. போன வருடம் தவணை கட்டாமல் அண்ணனின் லாரியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட இரவு, “நாலு வருஷத்தில அன்னிக்குத்தான் நிம்மதியா சோறு சாப்பிட்டேன்” என்கிறார். இப்போது அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது.

நாத்தனார் மேல் உள்ள வெறுப்பை எப்படிப் போக்குவது, அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா, கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். போன வருடம் நாத்தனாருக்கு டெங்கி வந்தபோது மருத்துவமனையில் இரண்டு இரவு கூட இருந்தது நீங்கள். வேலைக்கு லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நீங்கள்தான். பிளேட்லெட் எண்ணிக்கை ஏறிவிட்டதா என்று நர்ஸிடம் மூன்று தரம் போய்க் கேட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெறுக்கிற ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக யாரும் இப்படி அல்லாட மாட்டார்கள். நாத்தனாரை உங்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அதில் பாவம் எதுவும் இல்லை.

இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதால், செய்ய வேண்டியதும் வேறு வேறு. பிடிக்காத ஒன்றுக்கு வெறுப்பு என்று பெயர் வைத்துவிட்டீர்கள். அதனால் குற்ற உணர்ச்சி. குற்ற உணர்ச்சியால் வாயைத் திறந்து எதையும் கேட்பதில்லை. கேட்காததால் எதுவும் மாறவில்லை. இரண்டு வருடம் இப்படியே போயிருக்கிறது.

எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது

பிடிக்காமை பொதுவாக ஒரு செயலின் மேல், ஒரு வாசனையின் மேல், ஒரு சத்தத்தின் மேல் இருக்கும். அது நின்றால் நம் எரிச்சலும் நின்றுவிடும். பஸ்ஸில் ஏறிப் பாலத்தைத் தாண்டியதும் நாத்தனாரை மறந்துவிடுகிறேன் என்கிறீர்கள். அவர் ஈப்போவுக்குப் போன ஒரு வாரம் வீடு லேசாக இருந்தது, ஆனால் அவருடைய சம்பலைத்தான் மகள் கேட்டாள், நீங்களும் ஃபோன் போட்டுப் பக்குவம் கேட்டீர்கள். ஆள் தூரத்தில் இருந்தால் சரியாகிவிடுகிற உணர்ச்சி இது.

வெறுப்புக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. நிபோங் திபாலில் இருக்கிற அண்ணனை நீங்கள் நான்கு வருடமாகப் பார்க்கவில்லை. ஆனாலும் பெயரைக் கேட்டால் கை நடுங்குகிறது. அவருக்கு நஷ்டம் வந்தால் உங்களுக்குப் பசி எடுக்கிறது. “செத்துத் தொலையட்டும்னுகூட நினைச்சிருக்கேன்” என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது.

சுமார் 2300 வருடங்களுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கோபத்தையும் வெறுப்பையும் பிரித்துக் காட்டினார். கோபப்படுகிறவன், எதிராளி வேதனைப்பட வேண்டும் என்று நினைப்பான். வெறுக்கிறவன், அவன் இல்லாமலே போகட்டும் என்று நினைப்பான். கோபம் காலப்போக்கில் ஆறும், வெறுப்பு ஆறாது என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: கோபம் குறிப்பிட்ட ஆளின் மேல்தான் வரும், வெறுப்போ ஒரு கூட்டத்தின் மேலேயே வரும். உங்கள் “ஈப்போக்காரங்களே இப்படித்தான்” என்ற வரியில் நான் நின்றது இதனால்தான். நெத்திலி வாசனை பிடிக்காதது ஒரு விஷயம். ஒரு ஊர்க்காரர்கள் மொத்தமும் அப்படித்தான் என்று சொல்ல ஆரம்பித்தால், பிடிக்காமை தன் எல்லையைத் தாண்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நாட்டில் பல இனத்தாரோடு வாழ்கிற நமக்கு, ஒருவர் செய்ததை ஒரு கூட்டத்தின் தலையில் ஏற்றுகிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அது ஒரு வரியில்தான் இருக்கிறது. அந்த வரியோடு நிறுத்திவிடுங்கள்.

எல்லை தாண்டுவதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற வார்த்தைகள் பேச்சில் கூடும். டின்னை இடம் மாற்றி வைத்தது மறதியாகத் தெரியாமல், நம்மை நோகடிக்க வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். நம் பக்கம் ஆள் சேர்க்கத் தோன்றும். கடைசியாகச் சொன்னது உங்கள் வீட்டில் நடந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விட்டுவிடச் சொன்ன அந்தச் சில வரிகள்

அண்ணன் விஷயத்தை விட்டுவிடச் சொன்னீர்கள். மன்னியுங்கள், என்னால் முடியவில்லை. நாத்தனாருக்கு ஆறு பக்கம், அண்ணனுக்குச் சில வரிகள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது எது என்று கடிதமே சொல்கிறது.

2008-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஓர் ஆய்வு நடந்தது. 17 பேரிடம் அவர்கள் வெறுக்கிற ஒருவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வெறுப்பின்போது சுறுசுறுப்பான பகுதிகளில் இரண்டு, காதலிக்கிறவர்களை ஆராய்ந்தபோதும் சுறுசுறுப்பாக இருந்தவை. மிகச் சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் ஆலோசனை அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. நமக்கு ஒன்றுமே இல்லாத ஒருவரை நாம் இந்த அளவுக்கு வெறுப்பதில்லை. தமிழ்ப்பள்ளிக்குச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போன அண்ணன், மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி உங்கள் புத்தகப்பைக்குப் போர்த்திய அண்ணன், அதே ஆள் “உனக்கு ஏது பங்கு” என்று கேட்டிருக்கிறார். கை நடுங்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் கவனித்தேன். நாத்தனார் வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்கிறீர்கள். அவரை உங்களுக்குப் பிடிக்காமல் போனது எப்போது என்றால், உங்கள் கணவர், “இந்த வீட்டில என் அக்காவுக்கும் உரிமை இருக்கு” என்று சொன்ன நாளிலிருந்து. உடன்பிறந்தவளின் உரிமைக்காக ஒரு தம்பி நிற்கிறார். உங்களுக்காக உங்கள் அண்ணன் நிற்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதுபோல, அண்ணனிடம் காட்ட முடியாதது கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவரின் மேல் விழுகிறது என்று நினைக்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம், நீங்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆனால் நெத்திலி வாசனைக்கு மட்டும் ஒருவர் படியேறி அழ மாட்டார்.

உங்களோடு வேலை செய்கிற தோழி, “தலையணையை அண்ணன்னு நினைச்சு நல்லா குத்து, எல்லாம் இறங்கிடும்” என்றாராம். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் 2002-இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதையே சோதித்துப் பார்த்தார். மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டு, ஒரு பகுதியினரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தச் சொன்னார். அவர்களுடைய கோபம்தான் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் மூர்க்கம் குறைவாக இருந்தது. குத்துவது கெடுதல் என்பதைவிட, குத்தும்போது அந்த ஆளையே மனதில் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் கெடுதல். இரவில் படுத்துக்கொண்டு நீங்கள் செய்வதும் அதுதான், தலையணை மட்டும் இல்லை.

வீடும் சேமநிதியும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருவதால், அடிப்படையை மட்டும் சொல்கிறேன். உங்கள் வெறுப்பில் பாதி, சரிபார்க்காத செய்திகளின் மேல் நிற்கிறது.

சேமநிதிப் பணத்தை அண்ணன் “அபகரித்துவிட்டார்” என்கிறீர்கள். இஸ்லாமியர் அல்லாத சந்தாதாரர் ஒருவரைப் பெயர் குறித்து நியமித்திருந்தால், அந்தப் பணம் நியமனம் பெற்றவருக்கே சொந்தமாகப் போகும். அப்பா அண்ணனின் பெயரைத்தான் கொடுத்திருந்தார் என்றால், அந்தப் பணத்தைப் பொறுத்தவரை அண்ணன் சட்டப்படி தவறு எதுவும் செய்யவில்லை. அப்பா ஏன் உங்கள் பெயரையும் சேர்க்கவில்லை என்ற வருத்தம் இருக்கலாம். அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அது அப்பாவிடம் உள்ள வருத்தம், அண்ணனின் கணக்கில் எழுத முடியாது.

வீடு அப்படியில்லை. “கட்டிக் கொடுத்த பிள்ளைக்குப் பங்கில்லை” என்பதை நீங்களும் நம்பிவிட்டீர்கள், அதுதான் எனக்கு வேதனை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இஸ்லாமியர் அல்லாதவர்களுக்குப் பொருந்துவது 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம். அதில் மகன், மகள் என்ற பேதமும் இல்லை, கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்ற பேதமும் இல்லை. துணைவியும் பெற்றோரும் உயிரோடு இல்லாதபோது சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். நீங்கள் இருவர், ஆளுக்குப் பாதி.

அடுத்தது அந்தக் கையெழுத்து. அது என்ன பாரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணனைச் சொத்து நிர்வாகியாக நியமிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. நிர்வாகி என்பவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்ற பாரமாக இருந்தால் கதை வேறு. விளக்காமல் வாங்கிய கையெழுத்து என்பதை எவ்வளவு தூரம் எடுத்துப் பேசலாம் என்று வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

வீட்டை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிவிட்டார் என்பதும் யாரோ சொல்லி நீங்கள் கேட்டதுதான். நில அலுவலகத்தில் சிறிய கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். பழைய நிலவரி ரசீது ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம். வீடு இன்னும் அப்பாவின் பெயரிலேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை. நம் குடும்பங்களில் பெயர் மாற்றாமலே ஒரு தலைமுறை ஓடிவிடுகிறது. வசதி குறைவு என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகுங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். ஒன்று மட்டும்: இத்தகைய வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு. நான்கு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் பங்கு கேட்கலாம். கேட்டால் உறவு முறியும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் உறவு நான்கு வருடமாகவே முறிந்துதான் கிடக்கிறது. அல்லது வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிடலாம். இரண்டும் மரியாதையான முடிவுகள். தெரியாமல் இழந்துவிட்டு இரவெல்லாம் எரிவதைவிட, தெரிந்து கேட்பதும் தெரிந்து விடுவதும் மேல். அண்ணனை மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஓர் அநியாயம் நடந்திருந்தால், அது அநியாயம்தான் என்று முதலில் யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

கை நடுங்குவதும் தூக்கம் வராததும் தொடர்ந்தால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒருவர் சாகட்டும் என்று மனதில் ஓடுவது வேறு, அதற்கு வழி யோசிப்பது வேறு. உங்கள் கடிதத்தில் முதலாவதுதான் இருக்கிறது. என்றைக்காவது இரண்டாவது தலைகாட்டினாலோ, உங்கள் உயிரையே மாய்த்துக்கொள்ளத் தோன்றினாலோ, தாமதிக்காமல் தாலியான் காசே 15999 அல்லது ஹீல் 15555 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டுக்குள்ளே

நாத்தனாரைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை விடுங்கள். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள் எல்லாரையும் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மரியாதை போதும், சாப்பிட்டீர்களா என்று கேட்பது போதும். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பதை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள்.

ஆனால் பிடிக்காததை முழுங்கிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் நேரில் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. ஆளைப் பற்றிப் பேசாமல், விஷயத்தை மட்டும், ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் சொல்லுங்கள். “அக்கா, காலையில நெத்திலி பொரிச்சா என் யூனிஃபோர்ம்ல வாசனை ஏறிடுது. ராத்திரியே பொரிச்சு டப்பாவில போட்டு வச்சிடலாமா?” இவ்வளவுதான். அஞ்சு மணிக்கு அவர் எழுந்து பொரிப்பதே நீங்கள் டிஃபனோடு வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம், கேட்டால்தானே தெரியும். அடுப்படியில் ஒரு தட்டு உங்களுடையது, அதில் அவர் கை வைக்க வேண்டாம். அதேபோல் அவருக்கென்று ஒரு தட்டு, அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். அவர் வாழ்ந்த வீட்டை, தன் கையால் அடுக்கிய அடுப்படியை ஈப்போவில் விட்டுவிட்டு வந்தவர். டின்னை இடம் மாற்றுவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

முதியோர் இல்லம் இப்போதைக்கு வேண்டாம். 58 வயதில், திடமாக நடமாடுகிறவரை அங்கே சேர்ப்பது அவருக்கும் நல்லதல்ல, உங்கள் கணவரும் அதை மறக்க மாட்டார். ஆனால் அவர் எப்போதும் உங்களைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவருடைய கணவர் 57 வயதில், வேலையில் இருக்கும்போதே இறந்தார் என்கிறீர்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியிருந்தார் என்றால், மனைவிக்கு மாதாமாதம் பிழைத்தோர் பென்ஷன் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. விண்ணப்பித்தார்களா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு நீங்களே கூட்டிப்போங்கள். கையில் சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால், பக்கத்து புளோக்கில் ஓர் அறை எடுப்பதா, உங்களோடு இருப்பதா என்று அவரே யோசிப்பார். சும்மா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரமும் குறையும்.

கணவரிடம் ‘வெறுக்கிறேன்’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். தன்னை வளர்த்த அக்காவைப் பற்றி அப்படிக் கேட்டால் எந்தத் தம்பியும் சண்டைக்குத்தான் வருவார். அந்தப் பேச்சைத் திரும்பப் பேசுங்கள். “உங்க அக்கா நல்லா இருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். இந்த மூணு விஷயம் மட்டும் எனக்குத் தொந்தரவா இருக்கு” என்று சொல்லி, அந்த மூன்றையும் சொல்லுங்கள். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்த அசதியில் இருக்கும்போது வேண்டாம். அதோடு, உங்கள் அண்ணனைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள். லாரி பறிபோன இரவில் நிம்மதியாகச் சாப்பிட்டது அவருக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியட்டும்.

மகள்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறாள். நீங்கள் இரண்டு வருடம் அத்தையோடு வாழ்ந்து, அலுத்து, அதன் பிறகு பிடிக்காமல் போய், அப்போதும் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவளுக்கு அந்த வரலாறு எதுவும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, முடிவை மட்டும் எடுத்துக்கொண்டாள். தட்டை இழுத்த அன்று, “மனசுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு” என்று நீங்கள் ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. இன்னும் ஒரு வாரத்துக்குள் அவளோடு தனியாக உட்காருங்கள். உங்களுக்கு அத்தையின் சில பழக்கங்கள் பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ளுங்கள், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. “அது எனக்கும் அத்தைக்கும் உள்ள விஷயம், நாங்க பேசித் தீர்த்துக்குவோம். நீ எனக்காக யாரையும் ஒதுக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். நெத்திலியைப் பற்றி நீங்கள் நாத்தனாரிடம் பேசும்போது அவளும் அங்கே இருக்கட்டும். பிடிக்காததைச் சண்டையில்லாமல் சொல்ல முடியும் என்று அவள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அண்ணன் அனுப்பினாரா, அண்ணி அனுப்பினாரா, அந்தப் பெண்ணே அனுப்பினாளா என்று கடிதத்தில் இல்லை. விலாசத்தை யார் எழுதியிருக்கிறார்கள் என்று உறையைப் பாருங்கள். அந்தப் பெண் உங்கள் அண்ணன் மகள், உங்களை ‘அத்தை’ என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவள் உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

கிராண்ட் தேடுவதை அதற்குள் முடித்துவிடுங்கள், ஒரு நாள் லீவு போட்டால் போதும். பங்கு கேட்பதென்று முடிவு செய்தாலும் கல்யாணத்துக்கு முன்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம், பந்தலில் அந்தப் பேச்சை எடுக்கவும் வேண்டாம். மண்டபத்தில் அண்ணனை நேரில் பார்க்க முடியும் என்று தோன்றினால், கணவரோடு போய் வாழ்த்திவிட்டு, சாப்பிட உட்காராமல்கூடத் திரும்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடியாது என்று தோன்றினால் போக வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தப் பெண்ணை மட்டும் வெளியில் சந்தித்து, உங்கள் கையால் ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.